பல் வைக்கமாட்டேன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமோ தெரியாது.
உடுப்பு அலுமாரியில் மறைக்கலாம்,
குளிர்கோட்டுகளுக்குக் கீழே
இரண்டு நாள்.
முப்பத்தொன்பது ஃபிராங்க்.
குகதாசனிடம் பதினைந்து என்றேன்.

நுரைப் பிளாஸ்டிக். உள்ளே விதையில்லை, நாரில்லை,
கரண்டியால் சுரண்டி எடுக்க ஒன்றுமில்லை.
தட்டினால் காலி மருந்துப்பெட்டியின் சத்தம்.
காம்புகூட அச்சில் வார்த்த காம்பு.
அடியில் பொடி எழுத்தில்: உண்பதற்கல்ல.

வின்டர்தூரில் விடாத மழை.
சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள்,
லேபில் கழித்துவிட்ட ஒரு கைமெஷின்,
அரிசிமணி அளவில் மூன்று முனைகள்.
பகல் முழுக்க நான் பல் செய்கிறவள்.
கிரவுன், பாலம், மேல்தாடை முழுசெட்.
யாரோ ஒருவரின் வாய்
பிளாஸ்டர் அச்சாக என் மேசைக்கு வரும்,
பெயர் இராது, எண் இருக்கும்.
தெருவில் பூசணிகளைக் கடக்கும்போது
கண் தன்பாட்டுக்குக் கணக்கெடுக்கிறது:
பேக்கரி வாசலில் இருப்பதற்கு மேல்வரிசையில் இரண்டு இல்லை,
எட்டாம் இலக்க வீட்டில் இளிப்பதற்குக் கடி பொருந்தவில்லை.
அதனால் முதலிலேயே முடிவு.
இதற்கு நான் பல் வைக்கமாட்டேன்.
வாயே வைக்கமாட்டேன்.

இது எந்தக் கொடியிலும் காய்த்ததல்ல.
சரி, கொடி இதில் காய்க்கட்டும் என்று
சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி வரைந்தேன்,
மயிர் படர்ந்த இலை,
விடிய விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும் பூ.
துளைத்த இடத்தில் வெள்ளை வெளிச்சம்,
தோலைச் சீவிய இடத்தில் தேநீர் நிறம்,
தொடாத இடம் இருட்டு.
அரை மில்லிமீட்டர் தவறினால்
தேநீர் வெள்ளையாகிவிடும்.
செம்மஞ்சள் தூள் என் இமையில், தேநீர்க் கோப்பையில்,
மறுநாள் ரயிலில் என் கைப்பையில்.

வெட்டும் கோடு சுற்றி வந்து தன்னையே தொட்டால்
நடுத்துண்டு உள்ளே விழுந்துவிடும்.
ஒவ்வோர் இலைக்கும் வெட்டாத ஒரு நரம்பை விடவேண்டும்.
அதற்கும் எங்கள் தொழிலில் வழங்கும் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.
பாலம்.

மூன்றாம் இரவு, பதினொன்றரை.
குகதாசன் கதவருகே நின்றான்,
கையில் கடைச்சீட்டு.
கோட்டுப் பையில் இருந்ததாம்.
நான் திரும்பினேன், முனையும் கூடத் திரும்பியது.
இருந்ததிலேயே பெரிய இலை
சத்தமில்லாமல் உள்ளே போனது.
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"முப்பத்தொன்பது" என்றான்,
என்னிடமல்ல, ஓட்டையிடம்.

எடுத்துப் பார்த்தால் மூன்று துண்டு.
ஒட்டலாம், ஆனால் விளக்கு வைத்தால்
பசை கறுப்புத் தழும்பாகத் தெரியும்.
மறுநாள் மதிய இடைவேளையில்
லேபில் எவருக்கும் சொல்லாமல்
ஈறுக்கு வைத்திருக்கும் ரோஸ் அக்ரிலிக்கில்
ஓர் இலை வார்த்தேன்.
ஒரு வாய்க்குப் போகிற மாதிரியே மெருகிட்டேன்,
நாக்குப் பட்டால் உறுத்தக்கூடாதே என்று
விளிம்பைக்கூட உருட்டினேன்.
பழக்கம்.

ஹாலோவீன் அன்று படிக்கட்டில் வைத்தோம்.
மெழுகுதிரி கூடாது, உருகிவிடும். பேட்டரி விளக்கு.
மூன்றாம் மாடி யோனாஸ், ஆறு வயது, எலும்புக்கூட்டு உடுப்பு,
உண்மையான முன்பற்கள் இரண்டும் விழுந்த வாய்,
குந்தியிருந்து பார்த்தான்.
பயமாகவே இல்லையே, என்றான் ஜெர்மனில்.
இதற்கு வாய் எங்கே?
பிறகு மற்றப் பக்கம் போனான்.
அங்கே கொடியின் நடுவில்
நனைந்ததுபோல ஒரு சிவப்பு.
"இது இறைச்சி" என்றான்.
ஒரு படி கீழே இறங்கினான்.
கிண்ணத்திலிருந்து இரண்டு சாக்லேட் எடுத்தவன்
ஒன்றை அதன்முன் வைத்துவிட்டு ஓடினான்.
குகதாசன் சிரித்தான். மூன்று நாளில் முதல் தடவை.

நவம்பர் நடுவில் பேக்கரிப் பூசணி
செட்டைக் கழற்றிய வாய்போல உள்ளே மடிந்தது.
எங்களுடையது நிலக்கீழறையில், பெட்டிக்குள்,
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில்,
அப்படியே.

பேட்டரியைக் கழற்றினேனா என்று
டிசம்பரில் ஒருநாள்
யாரோ ஒருவரின் கீழ்த்தாடையைக் கையில் பிடித்திருந்தபோது
நினைவு வந்தது.